தமிழ் பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை பகல், சோற்றுக் கையோடு தொலைபேசியை எடுத்தேன். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற கந்தோரில் இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கும் பிள்ளை பேசினாள். அவளுடைய பெயர் வேண்டாம். அவள் இன்னும் அங்கே சம்பளம் வாங்க வேண்டியவள்.

“மிஸ், கரடியனாத்துக்குப் போற வழியில வாய்க்கால ஆழமாக்கிற வேல நடக்கு. எச்சரிக்கைப் பலக நட்டுட்டாங்க. சிங்களம் இருக்கு, இங்கிலீசு இருக்கு. நடுவுல ஒரு பட்ட சும்மா கிடக்கு. தமிழ இப்பதான் என்னட்டக் கேட்டிருக்காங்க. அதுவும் கோப்பில வைக்கவாம்.”

“பட்டை என்ன நிறம்?”

“பச்ச மிஸ். ஏன் கேக்கிறீங்க?”

மிச்சச் சோற்றை நான் சாப்பிடவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதப்படுகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்று மகன் சொன்னான். இந்த விஷயத்தில் ஆறிப்போனவர்களைத்தான் என் சேவைக்காலம் முழுவதும் பார்த்தேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் திகதியில்லாமல் எதையும் குறித்து வைக்காதவள். வாவியின் முகத்துவாரத்தை எந்த மாரிக்காலத்தில் கடலுக்கு வெட்டிவிட்டார்கள், எந்த வருஷக் கோயில் சடங்கில் மழை கொட்டியது என்று கேட்டு இன்றும் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். இந்தக் கட்டுரையில் மட்டும் திகதிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். போட்டால் கந்தோர் எது, ஆட்கள் யார் என்று தெரிந்துவிடும். அதில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் இந்தக் கதைக்குச் சொந்தக்காரியான தவமணி இன்னும் அது நடந்த வாவிக்கரையில்தான் இருக்கிறார். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “நடந்தத எழுதுங்க மிஸ். நாள எழுதாதீங்க” என்றார். அவர் சொன்னபடி செய்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் மூட்டைப்பூச்சி நிறைந்த ஒரு விடுதி, பாரமான அகராதிகள், இரண்டு விதிகள். எழுத்தில் ஒரு வரியும் கூட்டாதே, குறைக்காதே என்பது முதலாவது. வாய்மொழிபெயர்ப்பில், பேசுகிறவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. ‘அவர் சொல்கிறார்’ என்று விலகி நிற்கக் கூடாது. முதல் விதி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது விதி ஒரு நாள் என் தொண்டையில் முள்ளாகக் குத்தும் என்று அப்போது தெரியவில்லை.

நான் மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்தது சண்டைக் காலம். அப்போது பலகைகளே குறைவு. சண்டை முடிந்ததும் வீதி, பாலம், அணைக்கட்டு என்று வேலைகள் வந்தன. வேலைகளோடு பலகைகளும் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்று நாட்டின் அரசியலமைப்பு சொல்கிறது. அதை நினைவூட்டும் சுற்றறிக்கைகளை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். பலகைகள் செய்யப்பட்ட முறையோ வேறு.

வாசகத்தைத் தலைநகரில் எழுதுவார்கள். சிங்களமும் ஆங்கிலமும் அங்கேயே முடிந்துவிடும். தமிழுக்கு மட்டும் கடிதம் எங்கள் மாவட்டத்துக்கு வரும். அது வந்து, மொழிபெயர்த்து, திரும்பிப் போகும்வரை வேலையை நிறுத்தி வைக்க யாருக்கும் மனமில்லை. அதனால் யாரோ ஒரு கெட்டிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பலகையை இரண்டு வேலைக் கட்டளைகளாகப் பிரித்தார்கள். முதல் கட்டளையில் பலகை, தூண், சிங்களம், ஆங்கிலம். இரண்டாவது கட்டளையில் தமிழ். முதல் கட்டளை முடிந்ததுமே பலகை வேலை முடிந்ததாகப் பதிந்துவிடுவார்கள். இரண்டாவது கட்டளையை எழுத யாருக்கும் அவசரம் வராது. சட்டப்படி மேலே இருக்க வேண்டிய மொழிக்கு, நடுவில் ஒரு வெறும் பட்டை.

அந்தப் பட்டைக்குப் பச்சை பூசியவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு பெயின்டர். அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். கந்தோருக்கு வரும்போதெல்லாம் என் மேசைக்கு வந்து சிரிப்பார்.

“மிஸ், தமிழ் வந்திட்டா?”

“நான் போன மாதமே எழுதிக் கொடுத்துட்டன் நானா.”

“எனக்கு வரல்லயே. தமிழ் வரும், தமிழ் வரும் எண்டு பச்சப் பெயின்டுதான் முடியுது. இப்பிடியே போனா வாவிக்கும் பச்ச பூசச் சொல்லுவாங்க.”

நான் எழுதிக் கொடுத்தது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். எங்கள் நிர்வாக உத்தியோகத்தரின் மேசையில், இடது பக்கத் தட்டில் இருந்தது. அவர் தமிழர், நம் மாவட்டத்துக்காரர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. பெண்கள் அவருடைய அறைக்குள் போனால் எழுந்து நிற்பார். கோப்பைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துவார், தாள் பறக்கக் கூடாது என்று. பிறகு அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, என் மொழிபெயர்ப்பை வாய்க்குள் முணுமுணுத்து முழுவதும் வாசிப்பார். “நல்லா இருக்கு மிஸ்” என்பார். மனதாரத்தான் சொல்வார். பிறகு பென்சிலை எடுத்து, மூலையில் சின்னதாக ‘தமிழ் பிறகு’ என்று எழுதி இடது பக்கத் தட்டில் வைப்பார். ஏன் பேனாவால் எழுதுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“பேனாவால எழுதினா அது உத்தரவு, மிஸ். பென்சில் எண்டா யோசனை. உத்தரவு போட நான் ஆரு?”

வெல்லாவெளிப் பக்கம் யானைக்கு மின்சார வேலி போட்டபோதும் இதுவே நடந்தது. வேலியோரப் பலகைகளில் பச்சைப் பட்டை. வயலுக்குப் போகிற சனத்துக்கு எப்படி விளங்கும் என்று அவரிடம் சண்டை பிடித்தேன். “மின்னல் படம் போட்டிருக்கே, மிஸ்” என்றார். “படம் பார்த்துப் படிக்க நாங்க என்ன பாலர் வகுப்பா, சேர்?” என்றேன். கோப்பை மூடிவிட்டு மின்விசிறியைப் போட்டார். என்னைப் போகச் சொல்வதற்கு அவர் வைத்திருந்த முறை அது.

இனி தவமணியின் கதை.

ஆரையம்பதிக்கு மேற்கே வாவிக்கரையில் ஒரு இறங்குதுறை. அந்த இடத்தில் வாவி இடுப்பளவுதான். மீன்பிடிக்கிறவர்கள் தோணியில்லாமல் நடந்தே போய் வலை வீசுவார்கள். தரை எங்கே சேறு, எங்கே மணல் என்று அவர்களுடைய காலுக்குத் தெரியும். ஒரு அரசுத் திணைக்களம், அதன் பெயர் வேண்டாம், கரையில் ஒரு வேலைக்காக அந்த இடத்தில் மணல் தோண்டியது. மேலே தண்ணீர் முன்பு போலவே கிடந்தது. அடியில் மட்டும் ஆள் தாழும் குழி. கரையில் பலகை நட்டார்கள். ‘இவ்விடம் ஆழமாகத் தோண்டப்பட்டுள்ளது. நீரில் இறங்க வேண்டாம்.’ சிங்களத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ், நான் எழுதிய தமிழ், இடது பக்கத் தட்டில் இருந்தது.

அந்தத் துறையில் பலகை நிற்கும் இடத்தால்தான் எல்லோரும் போய்வருவார்கள். ஊரில் யாரும் செத்தால் மரண அறிவித்தல் ஒட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எழுத்து இருக்கிற இடத்தில் ஒட்டக் கூடாது என்ற மரியாதை நம் சனத்துக்கு உண்டு. எழுத்தில்லாத பச்சைப் பட்டை இருந்தது. அதில் ஒட்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மரண அறிவித்தல்களும், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிகளும்.

குழி தோண்டியபோது அந்த வருஷத்து மாரி தொடங்கியிருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து ஆட்கள் வாவியில் இறங்காத காலம் அது. அடுத்த வருஷமும் அந்தப் பக்கம் மீன் படவில்லை என்று மற்றத் துறைகளுக்குத்தான் போனார்கள். பிறகு, கண்ணகி அம்மன் சடங்கு முடிந்த கிழமை ஒரு விடியற்காலையில், பேரின்பம் என்ற மீன்பிடிகாரர் வலையோடு அதே இடத்தில் இறங்கினார். வலை மட்டும் மிதந்தது. தவமணி அவருடைய மனைவி.

திணைக்களம் விசாரணை வைத்தது. விசாரிக்க ஒரு சிங்கள அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். வேலைக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளரும் சிங்களவர். எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் கந்தோர் சார்பில் ஒரு ஓரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தவமணியும் அவருடைய கொழுந்தனும் எதிரே. நான் நடுவில் நின்றேன். அங்கே முடிவாக வேண்டியது ஒரே ஒரு விஷயம்: பேரின்பத்தின் சாவுக்குக் காரணம் அவருடைய சொந்தக் கவனயீனம் என்று எழுதுவதா, இல்லையா. தவமணி வந்ததும் அதற்காகத்தான். “கவனமில்லாத மனிசன் எண்டு எழுதிருவாங்களாம் மிஸ். அந்த மனிசன் ஒரு நாளாவது கவனமில்லாமத் தண்ணியில கால் வைச்சதில்ல” என்று வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

பொறியியலாளர் எழுந்தார். பேசினார். நான் மொழிபெயர்க்க வேண்டும். விதி தெரியுமல்லவா? பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’.

“பலகையில் மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை இருந்தது. நான் பார்த்தேன்” என்றேன், தவமணியின் முகத்தைப் பார்த்து, என்னுடைய வாயால். “தமிழ்ப் பகுதியின் மேல் ஊர் மக்களே மரண அறிவித்தல்களை ஒட்டி மறைத்துவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?”

பச்சைப் பொய். என் வாயால் வருகிற பொய். நான் எழுதிய தமிழ் தட்டைவிட்டு வெளியே போகவில்லை என்பது அந்த அறையில் எனக்குத் தெரியும், ஓரக் கதிரைக்காரருக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்குச் சாட்சி சொல்ல அனுமதி இல்லை. அவருக்கு இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பைப் பார்த்தார். கோப்பின் மூலையில் பென்சில் எழுத்து இருந்த இடம் வெள்ளையாக, ரப்பரால் தேய்த்த சுரசுரப்போடு இருந்தது.

தவமணி கேட்டார். “மிஸ், இது நீங்க சொல்றதா, அவர் சொல்றதா?”

“அவர் சொல்றது.”

“அப்ப அவருக்குச் சொல்லுங்க. அந்தப் பச்சையில முதல் முதல் நோட்டீஸ் ஒட்டினது எங்கட வீட்டு ஆள். எங்கட அப்பா செத்ததுக்கு. ஒட்டினவர் ஆரு தெரியுமா? இவர்தான்.” கையிலிருந்த புருஷனின் படத்தைத் தூக்கிக் காட்டினார். “பச கரைச்சுக் குடுத்த நான், பக்கத்துல நிண்ட நான். அதில ஒரு எழுத்தும் இல்ல. மேலயும் கீழயும் ஏதோ எழுதியிருந்திச்சு, எங்களுக்குத் தெரியா. நடுவுல வெறும் பச்ச. அது எங்களுக்கு விட்ட இடம் எண்டுதான் ஒட்டின நாங்க.”

ஒரு வரியும் கூட்டாமல், ஒரு வரியும் குறைக்காமல் அதைச் சிங்களத்தில் சொன்னேன். ‘அது எங்களுக்கு விட்ட இடம்’ என்பதையும் அப்படியே சொன்னேன். உண்மையிலேயே அது அவர்களுக்கு விட்ட இடம்தானே?

“உரிச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்றார் தவமணி.

விசாரிக்க வந்தவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு தொப்பியை எடுத்தார். “போவோம்” என்றார்.

வாவியிலிருந்து கச்சான் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. பலகையின் நடுவில் காகிதம் விரலளவு தடித்து நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது பேரின்பத்தின் அறிவித்தல். அதே படம், குத்துவிளக்கு, தோற்றம், மறைவு. கொழுந்தன் கையை வைத்தார். தவமணி தட்டிவிட்டார்.

“நீ விடு. நான் உரிக்கிறன்.”

வாளியில் வாவித் தண்ணீரை அள்ளி ஊற்றி, பசை ஊறும்வரை நின்றார். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி முதலில் புருஷனை உரித்தார். மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அடுத்தது ஒரு வாத்தியார். அடுத்தது சங்கத் தலைவரின் தாய். ஒவ்வொன்று வரும்போதும் மறைந்த திகதியை நான் சிங்களத்தில் வாசித்தேன். விசாரணைக்காரர் எழுதினார். மேலிருந்து கீழே போகப் போகத் திகதிகள் பின்னால் போயின. என் வாழ்நாளில் நான் வாசித்த எந்த வரலாறும் அவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கவில்லை. கடைசியாக வந்தது தவமணியின் அப்பா. பலகை நட்டுக் கொஞ்ச நாளில் செத்தவர். அவருக்குக் கீழே பச்சை. ஒரு தமிழ் எழுத்தின் வால்கூட இல்லை.

“வெயிலில் அழிந்திருக்கலாம்” என்றார் பொறியியலாளர். அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

விசாரணைக்காரர் மேலே இருந்த சிங்கள எழுத்தைத் தடவினார். கீழே இருந்த ஆங்கிலத்தைத் தடவினார். “காகிதத்தால் மூடியிருந்தது அழிந்துவிட்டது, வெயிலில் நின்றது அழியவில்லை. அப்படித்தானே?” என்றார். எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் வாகனத்தைவிட்டு இறங்கவே இல்லை.

இதோடு கதை நன்றாக முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யாதவர்கள். முடிவு சிங்களத்தில் வந்தது. வந்தவரின் அறிக்கைக்கு மேலே இன்னும் சில மேசைகள் இருந்தன. கவனயீனம் என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, ‘மரணித்தவர் அறிவித்தலை விளங்கிக்கொள்ளாமையால் ஏற்பட்ட விபத்து’ என்று இருந்தது. தவமணியின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்ட என்னையே அனுப்பினார்கள்.

அந்த வரியை மட்டும் தவமணி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

“ஆருக்கு விளங்கல்ல, மிஸ்?”

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் சொல்லச் சொல்ல ஆட்சேபத்தைத் தமிழில் எழுதினேன். சிங்கள மொழிபெயர்ப்பு இணைக்கவா என்று கேட்டேன். “வேணாம். நாங்க வாசிச்ச மாதிரி அவங்களும் வாசிக்கட்டும்” என்றார். பதில் இன்றுவரை இல்லை. பேரின்பம் இன்றும் அரசாங்கத் தாளில் விளங்காத மனிதராகவே கிடக்கிறார்.

அந்தக் கிழமையே, ஒரு நாளுமில்லாமல், எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் என் மேசைக்கு நடந்து வந்தார். கையில் அதே திணைக்களத்தின் கடிதம். “மிஸ், இது உடனே வேணும். வாகனம் காத்துக்கொண்டு நிக்கிது.” வாசித்தேன். ‘அரச பலகைகளில் விளம்பரங்கள் ஒட்டுவது தண்டனைக்குரிய குற்றமாகும்.’ தமிழில் மட்டும் போதுமாம். பெரிய எழுத்தில் வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். ‘இறங்காதே, செத்துவிடுவாய்’ என்று சொல்ல அவர்களிடம் தமிழ் இருக்கவில்லை. ‘ஒட்டாதே, பிடித்துக்கொண்டு போவோம்’ என்று சொல்ல வாகனமே வந்து நின்றது.

அவருக்கு முன்னாலேயே கடிதத்தின் மூலையில் ‘தமிழ் பிறகு’ என்று எழுதினேன். பென்சிலால் அல்ல. பேனாவால். கீழே கையெழுத்தும் போட்டு, திகதியும் போட்டேன். “என்ன மிஸ் இது?” என்றார். “உத்தரவு, சேர். வாவிக்கரைப் பலகையில எச்சரிக்கை முதல் ஏறட்டும். ஏறினதை நான் கண்ணால பாத்த பிறகு இதை மொழிபெயர்க்கிறன்.”

“உங்களுக்கு உத்தரவு போட அதிகாரமில்லை.”

“இல்லைத்தான். மேலே அனுப்பி அதையே எழுத்தில கேளுங்க. எழுத்தில வந்தா, எந்தத் தமிழ் பிறகு, எந்தத் தமிழ் உடனே எண்டு நானும் எழுத்தில கேப்பன்.”

அவர் மேலே அனுப்பவில்லை. இடது பக்கத் தட்டிலிருந்து என் தமிழ் வெளியே போனது. பச்சைப் பட்டையில் நானாவே வந்து எச்சரிக்கையைத் தமிழில் எழுதினார். எழுதிய நாள் நான் பக்கத்தில் நின்றேன். “பச்ச பூசின கைதானே மிஸ் இது” என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. சில மாதங்களில் என்னைப் பழைய கோப்பறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஒரு பலகையில்தான் தமிழ் ஏறியது. முறை மாறவில்லை. இரண்டு வேலைக் கட்டளைகள், ஒரு வெறும் பட்டை. இப்போது கரடியனாற்றுப் பக்கத்திலும் அதுவே. ஒரு பிரஜையின் மொழிக்கு நடுவில் வெற்றிடம் விட்டுவிட்டு, அந்த வெற்றிடத்தை அவன் நிரப்பினால் குற்றம் என்கிறார்கள். நிரப்பாமல் விட்டால் அவன் விளங்காதவன்.

அந்தப் பிள்ளையிடம் பலகையில் இருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அங்கே இல்லாத தமிழ் இது. என் சொந்தப் பொறுப்பில், ஒரு வரியும் கூட்டாமல், ஒரு வரியும் குறைக்காமல் மொழிபெயர்த்திருக்கிறேன். இதைக் கத்தரித்து எடுங்கள். நல்ல பசை கரைத்து அந்தப் பச்சைப் பட்டையில் ஒட்டுங்கள். மரண அறிவித்தல் ஒட்ட வேண்டி வருவதற்கு முன்னால் ஒட்டுங்கள். யாராவது வந்து குற்றம் என்றால் என் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லுங்கள்.

எச்சரிக்கை
இவ்விடத்தில் வாய்க்கால் ஆழமாக்கப்பட்டுள்ளது.
குளிக்கவோ, கால்நடைகளை இறக்கவோ வேண்டாம்.